திறக்க வழி வைக்காத குழாய்கள்

எம்55 என்ற அமெரிக்க ராக்கெட்டின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர், எடை 26 கிலோ. கண்ணாடியிழைக் குழாய் ஒன்றுக்குள் செருகி வைத்து, அந்தக் குழாயிலிருந்தே ஏவும்படியாக 1960களில் இதைச் செய்தார்கள். மூக்கில் வெடிப்பைத் தூண்டும் ஃப்யூஸ், அதற்குப் பின்னால் மெல்லிய அலுமினிய உறைக்குள் சரின் அல்லது வி.எக்ஸ். எனும் நரம்பு நச்சு சுமார் 5 கிலோ, அந்த நச்சின் நடுவே தண்டுபோல ஓடும் வெடிமருந்து, வால் பகுதியில் உந்துபொருள் நிரம்பிய மோட்டார் என்று நான்கு ஆபத்துகள் ஒரே குழாய்க்குள் அடுத்தடுத்து அடைக்கப்பட்டிருக்கின்றன. ஆலையில் வேலை பார்த்த எவரும் இதன் வரைபடத்தைப் பார்த்தால் முதலில் தேடுவது ஒரு வடிகுழாயைத்தான். அது இல்லை. கழற்றும்படியான மூடியும் இல்லை. நிரப்பினார்கள், மூடினார்கள், அடுக்கினார்கள். இதை ஒருநாள் திறந்து காலி செய்யவேண்டி வரும் என்ற நினைப்பு அந்த வரைபடத்தில் எங்குமே தெரியவில்லை.

2023 ஜூலை 7ஆம் தேதி, கென்டக்கி மாநிலத்தின் ரிச்மண்ட் நகரை ஒட்டியுள்ள புளூ கிராஸ் ராணுவக் கிடங்கில், சரின் நிரப்பிய இந்த வகை ராக்கெட்டுகளில் கடைசி ஒன்று அழிக்கப்பட்டது. அதோடு அமெரிக்கா அறிவித்திருந்த ரசாயன ஆயுத இருப்பு முழுவதும் தீர்ந்தது. உலக நாடுகள் ரசாயன ஆயுதத் தடை அமைப்பிடம் அறிவித்திருந்த 72,304 டன்னும் அன்றோடு முடிந்தது. நம் செய்தித்தாள்களில் அது உள்பக்கத்தில் ஒரு சிறு பத்தியாக வந்துபோயிற்று. ரசாயன ஆலைகளின் பாதுகாப்புப் பிரிவில் 27 ஆண்டுகளைக் கழித்த எனக்கு அந்தப் பத்தி அரசியல் செய்தியாகப் படவில்லை. மிகப் பெரிய, மிகத் தாமதமான ஒரு துப்புரவு வேலை முடிந்த செய்தியாகப் பட்டது. அந்த வேலையைப் பற்றி அப்போதிலிருந்தே எழுத நினைத்திருந்தேன்.

எழுதத் தூண்டியது என் சொந்த அனுபவம் ஒன்று. அதன் அளவு இதற்குக் கால்தூசி பெறாது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையில், கைமாறிய பழைய கிடங்கு ஒன்றைக் காலி செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. 40 பேரல்கள். பதிவேட்டில் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது, அளவு இருந்தது, ‘திரவம்’ என்ற குறிப்பும் இருந்தது. பம்பு வைத்து உறிஞ்சி, காஸ்டிக் சோடாத் தொட்டியில் விட்டு, இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்கிட்டு பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். மூன்றாவது பேரலில் உறிஞ்சுகுழாய் பாதி ஆழத்தில் எதன்மீதோ தட்டி நின்றது. அடியில் நெய்ச்சட்டிக் கசண்டு போல, ஆனால் கல்லாய் இறுகிய ஒன்று இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் குழாயை அசைத்துப் பார்த்தபோது உள்ளிருந்து காற்றுப்பை ஒன்று வெடித்து, அவர் முன்கையில் தெறித்தது. கையுறைக்கு மேலே இரண்டு விரல் அகலம். தழும்பு இன்றும் இருக்கிறது. இரண்டு நாள் வேலை ஏழு வாரம் இழுத்தது. பேரலுக்குள் இருப்பது பதிவேட்டில் எழுதியிருப்பது அன்று, இத்தனை ஆண்டுகளில் அது என்னவாக மாறியிருக்கிறதோ அதுதான் என்பதை அந்த ஏழு வாரத்தில் தெரிந்துகொண்டேன். அமெரிக்க ராணுவம் இதே பாடத்தைப் படிக்க 38 ஆண்டுகளையும் ஏறத்தாழ 4,000 கோடி டாலரையும் செலவிட்டது.

முன்பெல்லாம் இந்த வேலையே கிடையாது. புதைத்தார்கள், குழியில் போட்டுத் திறந்தவெளியில் கொளுத்தினார்கள், கடலில் தள்ளினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியின் ரசாயனக் குண்டுகளில் ஏறத்தாழ 40,000 டன் பால்டிக் கடலில் கொட்டப்பட்டன. போர்ன்ஹோம் தீவுக்கு அருகே மீனவர்களின் வலையில், தோலை வேகவைக்கும் நச்சான கடுகு வாயுவின் கட்டிகள் சிக்குவது பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. ‘வாயு’ என்று பெயர்தான். கடுகு வாயு உண்மையில் எண்ணெய் போன்ற திரவம், 14 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கடலடிக் குளிரில் அதன் மேற்புறம் தோல் கட்டி இறுகிவிட, உள்ளே நஞ்சு அப்படியே இருந்துவிடுகிறது. அமெரிக்காவும் 1967 முதல் பழைய கப்பல்களில் ஆயுதங்களை ஏற்றி, நடுக்கடலுக்கு இழுத்துச் சென்று மூழ்கடித்தது. 1970 ஆகஸ்டில் 12,000க்கும் மேற்பட்ட எம்55 ராக்கெட்டுகளை கான்கிரீட் பெட்டகங்களுக்குள் வைத்துப் பூசி, ஒரு கப்பலோடு ஃபுளோரிடாவுக்குக் கிழக்கே அட்லாண்டிக்கின் ஆழத்தில் இறக்கினார்கள். கான்கிரீட்டில் பூசிய காரணமும் இதுதான்: ராக்கெட்டுகள் கசியத் தொடங்கியிருந்தன, திறப்பதற்கு வழி இல்லை. ஊர்வழியே ரயிலில் அவை கடற்கரைக்குப் போனதைப் பற்றி எழுந்த கூச்சலுக்குப் பிறகு, 1972இல் கடலில் கொட்டுவதைச் சட்டமே தடுத்தது.

1985இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த இருப்பை 1994க்குள் அழித்துவிடுமாறு உத்தரவிட்டது. அப்போது போட்ட செலவு மதிப்பீடு 170 கோடி டாலர். பசிபிக் கடலின் நடுவே உள்ள ஜான்ஸ்டன் தீவிலும், உள்நாட்டில் எட்டு இடங்களிலுமாக 30,000 டன்னுக்கு மேல் நச்சு இருந்தது. ராணுவம் தேர்ந்தெடுத்த வழி எரிப்பு உலை. ஜான்ஸ்டன் தீவில் 1990இல் உலை மூட்டப்பட்டு 2000இல் வேலை முடிந்தது. ராக்கெட்டைத் துளையிட்டு, நச்சை வடித்து, வடித்ததை ஓர் உலைக்கும், துண்டு துண்டாக வெட்டிய ராக்கெட்டை இன்னோர் உலைக்கும், வெற்று உலோகத்தை மற்றோர் உலைக்கும் அனுப்பும் முறை அது. பொறியியலில் குறை சொல்லமுடியாத ஏற்பாடு. ஆனால் தீவில் அக்கம்பக்கத்தார் இல்லை, கென்டக்கியில் இருந்தார்கள்.

1984இல் ரிச்மண்டில் ராணுவம் கூட்டிய கூட்டத்தில், உங்கள் ஊரிலேயே உலை வைத்து எரிக்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள். கிடங்கிலிருந்து சில மைல் தூரத்திலேயே பள்ளிக்கூடங்கள் இருந்தன. அந்த எதிர்ப்பிலிருந்து உருவானவர் கிரெய்க் வில்லியம்ஸ். வியட்நாம் போருக்குச் சென்று திரும்பியவர், தச்சு வேலை செய்து பிழைத்தவர், இந்தப் பணிக்காக 2006இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு பெற்றவர். அவரும் மற்ற கிடங்குகளைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்களும் ஆயுதங்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. அழியுங்கள், ஆனால் எரிக்காதீர்கள் என்றார்கள். வேறு ஊருக்குக் கொண்டுபோ என்று சொல்லவும் வழியில்லை; ரசாயன ஆயுதங்களை மாநில எல்லை தாண்டிக் கொண்டுசெல்வதை 1994இல் நாடாளுமன்றமே தடை செய்துவிட்டது. 1990களின் பிற்பாதியில், எரிக்காமல் அழிக்கும் வழிகளை ஆராய்வதற்கென்று தனித் திட்டம் பிறந்தது. கொலராடோ மாநிலத்தின் புவெப்லோவும் புளூ கிராஸும் அந்தத் திட்டத்தின்கீழ் வந்தன.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தச் சர்ச்சையைப் பற்றி முதன்முதலில் படித்தபோது நான் ராணுவத்தின் பக்கம்தான் இருந்தேன். நல்ல உலை, சரியான வெப்பம், வாயு உலைக்குள் இருக்கப் போதுமான தங்குநேரம், கடைசியில் புகையைக் கழுவும் ஸ்கிரப்பர் என்று இருந்தால் கரிமப் பொருள் எதுவும் மிஞ்சாது. இதைப் புரிந்துகொள்ளாமல் புகையைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று எங்கள் துறையில் எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரே ஒரு வாதம். எரிக்காமல், தொட்டியில் வேதிப்பொருள் கலந்து நஞ்சைச் சிதைத்தால், அதாவது நடுநிலையாக்கினால், அந்தக் கழிவுநீரை அப்படியே நிறுத்திவைக்கலாம், மாதிரி எடுக்கலாம், ஆய்வகம் தேறியது என்று சொன்ன பிறகு வால்வைத் திறக்கலாம், தேறவில்லை என்றால் மறுபடியும் சூடேற்றிக் கலக்கலாம். புகைபோக்கியிலிருந்து போனதை யாரும் கூப்பிட்டு நிறுத்திச் சோதிக்க முடியாது. போன பிறகுதான் கருவி கூவும். யூட்டா மாநிலத்தின் டூயெல் உலையில் 2000ஆம் ஆண்டு மே மாதம் மிகச் சிறிய அளவு சரின் புகைபோக்கி வழியே வெளியேறியபோது நடந்தது அதுதான். யாருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனாலும் வாதம் நிரூபணமாகிவிட்டது. அந்த வாதத்தை முன்வைத்தவர்கள் பொறியாளர்கள் அல்லர் என்பதில் எனக்குச் சிறிது வெட்கம் உண்டு.

நடுநிலையாக்குதல் என்பது கேட்க எளிமையாக இருக்கிறது. சரினை எடுத்துக்கொண்டால் எளிமைதான். சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் அது விரைவாகச் சிதைந்துவிடும். வி.எக்ஸ். அவ்வளவு இணக்கமானதன்று, அது சிதையும்போது உண்டாகும் துணைப்பொருள்களில் ஒன்று தானும் நஞ்சு என்பதால், வி.எக்ஸ். தீர்ந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது, அந்தத் துணைப்பொருளும் தீர்ந்ததா என்று பார்த்துத்தான் அடுத்த வால்வுக்குப் போகவேண்டும். கடுகு வாயுவுக்குத் தண்ணீரோடு சேரவே பிடிக்காது. 90 டிகிரி வெந்நீரில் விசையோடு அடித்துக் கலக்கினால்தான் அது சிதைந்து தயோடைகிளைக்காலாகவும் அமிலமாகவும் மாறும், அந்த அமிலத்துக்குப் பிறகு காஸ்டிக் சேர்க்கவேண்டும். இத்தனையும் செய்து முடித்தால் கையில் மிஞ்சுவது, ஆயுதமாக இருந்ததைவிடப் பல மடங்கு கனஅளவுள்ள, வீச்சமடிக்கும் கழிவுநீர். அதோடு வேலை முடிந்துவிடவில்லை. திரும்ப ஆயுதமாக்க முடியாதபடி மாற்றினால்தான் அழித்ததாகக் கணக்கு என்று நாடுகளுக்கிடையிலான ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை சொல்கிறது. அந்தக் கழிவுநீரில் இருக்கும் சேர்மங்களுக்கும் அது பொருந்தும்.

இண்டியானா மாநிலத்தின் நியூபோர்ட்டில் 2005 முதல் 2008 வரை வி.எக்ஸ். நடுநிலையாக்கப்பட்டது. தொட்டியில் வேதிவினை நன்றாகத்தான் நடந்தது. வெளியே வந்த தண்ணீரை ஏற்பதற்குத்தான் ஆள் இல்லை. முதலில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகருக்கு அனுப்பத் திட்டமிட்டார்கள், அந்த ஊர் மறுத்தது. பிறகு நியூஜெர்சியில் ஓர் ஆலையில் சுத்திகரித்து டெலவேர் ஆற்றில் விடலாம் என்றார்கள், ஆற்றின் இரு கரையும் எதிர்த்தது. கடைசியில் டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தரில் உள்ள தனியார் எரிப்பு உலைக்கு லாரி லாரியாகப் போயிற்று. எரிக்க வேண்டாம் என்று ஓரிடத்தில் தவிர்த்த உலை, நச்சு நீங்கிய தண்ணீருக்காக இன்னோரிடத்தில் எரிந்தது. போர்ட் ஆர்தர் சுத்திகரிப்பு ஆலைகள் மலிந்த, வசதி குறைந்த மக்கள் மிகுதியாக வாழும் துறைமுக ஊர் என்பதையும் சேர்த்தே இதை யோசிக்கவேண்டும். புளூ கிராஸின் கழிவுநீரும் பின்னாளில் அங்கேதான் போனது. அதைப் புளூ கிராஸிலேயே மிகை அழுத்தத்தில் ஆக்சிஜனேற்றம் செய்ய அமைத்த பிரிவு ஒத்துழைக்காததால் கைவிடப்பட்டது.

புவெப்லோ இந்த வகையில் பரவாயில்லை. அங்கு இருந்தவை 7,80,078 கடுகு வாயுக் குண்டுகள், 2,600 டன்னுக்குச் சற்று அதிகமான நச்சு. ரோபோக்கள் வெடிமருந்தைக் கழற்றின, உயர் அழுத்தத் தண்ணீர் குண்டின் உட்புறத்தைக் கழுவி எடுத்தது, வெந்நீரும் காஸ்டிக்கும் நச்சைச் சிதைத்தன, மிஞ்சிய தயோடைகிளைக்காலைத் தின்பதற்கு நுண்ணுயிர்த் தொட்டிகள் இருந்தன. நம் ஊர் ஆலைகளின் இ.டி.பி. எனும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை செய்யும் அதே வகை பாக்டீரியாக் கூட்டம்தான். அந்தத் தொட்டிகளைப் பராமரித்தவர்கள் பட்டிருக்கக்கூடிய பாட்டை நான் எளிதாகக் கற்பனை செய்துகொள்கிறேன்: பாக்டீரியாவுக்கு நாளும் சமமாகத் தீனி வேண்டும், முன்னால் உள்ள ரோபோ ஒரு வாரம் பழுதாகி நின்றால் பின்னால் உள்ள தொட்டி பட்டினி கிடக்கும், மீண்டும் தீனி வரும்போது அதற்குச் செரிக்காது. 2015இல் தொடங்கிய வேலை 2023 ஜூன் 22இல் முடிந்தது.

இனி கசண்டுக்கு வருகிறேன். கடுகு வாயு பத்தாண்டுக் கணக்கில் எஃகு உறைக்குள் கிடந்தால் இரும்போடு வினைபுரிந்து அடியில் கெட்டியாகிவிடுகிறது. டூயெல் கிடங்கில் ஒரு டன் கொள்கலன்களைத் திறந்தபோது கசண்டோடு பாதரசமும் இருந்தது தெரியவந்து, உலையின் புகைச் சுத்திகரிப்பில் கந்தகமூட்டிய கரியைச் சேர்க்கவேண்டி வந்தது. புளூ கிராஸில் 155 மில்லிமீட்டர் கடுகு வாயுக் குண்டுகள் 15,492 இருந்தன. அவற்றையும் வெட்டி, கழுவி, நடுநிலையாக்குவதாகத்தான் திட்டம். 2011இல் சில குண்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். குண்டைச் சாய்த்தால் உள்ளே உள்ள திரவத்தின் மட்டமும் சாயவேண்டும் அல்லவா? பல குண்டுகளில் அது அசையவே இல்லை. கழுவி எடுக்க முடியாது என்பது உறுதியானதும், சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றிய தடித்த எஃகு அறைக்குள் குண்டை முழுசாகப் போட்டு, வெப்பத்தாலேயே வெடிமருந்தையும் நச்சையும் சேர்த்து அழிக்கும் கலத்தை வரவழைத்தார்கள். எரிப்பை எதிர்த்த ஊர்க்காரர்கள் இதை ஒப்புக்கொண்டதுதான் எனக்கு வியப்பு. ஆனால் எக்ஸ்ரே படத்தை அவர்களிடமே காட்டினார்கள், கழுவும் வழியைப் பிடித்துக்கொண்டிருந்தால் தொழிலாளர்கள் கவச உடையோடு உள்ளே போய்க் கையால் சுரண்டவேண்டி வரும் என்பதை விளக்கினார்கள், அவர்களும் கேட்டார்கள். என் ஏழு வாரங்களுக்கு முன்னால் யாராவது ஒரு பேரலை எக்ஸ்ரே எடுத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கவச உடையைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் காற்றுப்புகாத முழு உடை அது. தனியாக யாரையும் உள்ளே அனுப்புவதில்லை, இருவராகத்தான் அனுப்புவார்கள். இந்த ஆலைகளின் கட்டடமே ஒரு கருவி. காற்று எப்போதும் சுத்தமான அறையிலிருந்து அசுத்தமான அறையை நோக்கியே ஓடும்படி அறைக்கு அறை அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் கரி வடிகட்டிகளின் வரிசை வழியே வெளியே விடுகிறார்கள். எங்கோ ஒரு கதவின் இடுக்கு கசிந்தாலும் காற்று உள்ளேதான் போகும். ஒவ்வோர் அறையிலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை காற்றை உறிஞ்சிப் பிரித்துப் பார்க்கும் தானியங்கிக் கருவிகள் உண்டு. அவை வருவதற்கு முந்தைய காலத்தில், மண்மூடிய கான்கிரீட் கிடங்கறைகளில் கூண்டுக்குள் முயலை வைத்திருந்தார்கள். நரம்பு நச்சு சிறிதளவு பட்டாலே கண்மணி சுருங்கிப் புள்ளியாகிவிடும். மனிதன் உள்ளே போவதற்கு முன் முயலின் கண்ணைப் பார்ப்பது வழக்கம்.

தாமதத்துக்கும் ஒரு விலை இருந்தது என்பதை எதிர்ப்பாளர்களின் ஆதரவாளர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. சரின் நாள்பட நாள்பட அமிலமாகிறது, அமிலம் அலுமினியத்தைத் தின்கிறது. அதனால்தான் எம்55 மற்ற எந்த ஆயுதத்தையும்விட அதிகமாகக் கசிந்தது. கசிந்த ராக்கெட்டை எஃகு உறையொன்றுக்குள் போட்டு மூடிவைப்பார்கள், அவ்வளவுதான் செய்ய முடியும். வாலில் உள்ள உந்துபொருளில் அது தானாகச் சூடேறாமல் இருப்பதற்கென்று ஒரு நிலைநிறுத்தி கலந்திருப்பார்கள்; அது ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. முற்றிலும் தேய்ந்தால் ராக்கெட் தானே பற்றிக்கொள்ளலாம், ஒன்று பற்றினால் ஓர் அறை முழுவதும் போகலாம். எரிப்பு உலை வைத்த இடங்கள் எல்லாம் 2012 ஜனவரிக்குள் முடித்துவிட்டன, அதற்குள் இருப்பில் 90 விழுக்காடு தீர்ந்திருந்தது. உடன்படிக்கை முதலில் வைத்த கெடு 2007, நீட்டித்த கெடு 2012. புளூ கிராஸில் முதல் குண்டை அழித்ததே 2019 ஜூனில்தான். அந்த இடைக்காலம் முழுவதும் ஏறத்தாழ 70,000 ராக்கெட்டுகள் அந்த ஊரின் பக்கத்திலேயே கிடந்தன. ஊர்க்காரர்களின் வாதம் சரி என்று நான் ஏற்றுக்கொண்ட பிறகும் இந்தக் கணக்கு எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

ரஷ்யாவின் கதை வேறு. அவர்களிடம் ஏறத்தாழ 40,000 டன், உலகிலேயே அதிகம்; ஏழு இடங்களில் அழித்து 2017 செப்டம்பர் 27இல் உட்முர்த்தியாவின் கிஸ்னேரில் முடித்தார்கள். பல நாடுகள் அதற்குப் பணம் கொடுத்தன. அவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது: வெடிமருந்தையும் உந்துபொருளையும் நச்சோடு பொருத்தி வைக்கும் வழக்கம் அங்கு இல்லை. சில விமானக் குண்டுகளில் திறப்பின் வழியே வினைப்பொருளை ஊற்றி, மூடி, குண்டின் உறையையே வினைக்கலமாக்கி மாதக்கணக்கில் விட்டுவைத்தார்கள்.

சிரியாவின் வேலையோ கடலில் நடந்தது. 2013 ஆகஸ்டில் டமாஸ்கஸை ஒட்டிய கூத்தாவில் சரின் தாக்குதல் நடந்த பின் சிரியா உடன்படிக்கையில் சேர்ந்து சுமார் 1,300 டன்னை ஒப்படைக்க ஒத்துக்கொண்டது. போர் நடக்கும் நாட்டுக்குள் ஆலை கட்ட முடியாது. வேறு நாடு ஏதாவது இடம் தரவேண்டும். நார்வே மறுத்தது, அல்பேனியாவில் மக்கள் தெருவுக்கு வந்ததால் அந்த அரசும் மறுத்தது. அதனால் எம்.வி. கேப் ரே என்ற 200 மீட்டர் சரக்குக் கப்பலின் வயிற்றுக்குள் இரண்டு நடுநிலையாக்கும் கலங்களைப் பூட்டினார்கள். இத்தாலியின் ஜோயா தௌரோ துறைமுகத்தில் டேனிஷ் கப்பலிலிருந்து சரக்கு மாற்றப்பட்டது. மத்தியதரைக் கடலில் 42 நாள்கள் வேலை செய்து, சரினின் மூலப்பொருளும் கடுகு வாயுவுமாக 600 டன்னை 2014 ஆகஸ்ட் 18இல் முடித்தார்கள். ஒரு சொட்டுக்கூடக் கடலில் விடவில்லை. கழிவு முழுவதும் பின்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போனது. ஆடும் தளத்தில் காஸ்டிக்கை அளந்து ஊற்றிய அந்தக் குழுவில் ஒருவராக இருக்க நேர்ந்திருந்தால், ஓய்வுபெற்ற பிறகும் அதைத்தான் பேசிக்கொண்டிருப்பேன்.

இந்தியாவிடமும் இருந்தது என்பதைச் சொன்னால் என் நண்பர்கள் பலர் இன்றும் நம்புவதில்லை. 1997இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது 1,044 டன் கடுகு வாயு தன்னிடம் இருப்பதாக இந்தியா அறிவித்தது. 2009 மார்ச்சில், அல்பேனியாவுக்கும் தென்கொரியாவுக்கும் அடுத்து, முழுவதையும் அழித்த மூன்றாவது நாடாயிற்று. நம் நாட்டில் இதைப் பற்றி ஊர்க்கூட்டம் எதுவும் நடந்ததாக நான் அறியவில்லை, யாரும் யாரிடமும் எக்ஸ்ரே படம் காட்டியதாகவும் தெரியவில்லை, கெடுவுக்குள் முடிந்தது. அமெரிக்கர்கள் பேசித் தீர்த்த இடத்தில் நாம் பேசாமலே தீர்த்தோம் என்பதை நான் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. அங்கே என்ன எழுந்தது, எப்படிச் சமாளித்தார்கள் என்பது பொதுவில் இருந்திருந்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பாடமாக இருந்திருக்கும்.

உடன்படிக்கையின் ஒரு நுனி மட்டும் என் கைக்கு எட்டியது. நான் இருந்த ஆலைகளில் ஒன்று தயோனைல் குளோரைடு தயாரித்தது. மருந்துக்கும் சாயத்துக்கும் போகும் சாதாரண மூலப்பொருள்தான். ஆனால் ஆயுதத்துக்கும் பயன்படக்கூடியது என்பதால் உடன்படிக்கையின் மூன்றாவது பட்டியலில் இருக்கிறது. ஆண்டுக்கு 30 டன்னுக்கு மேல் தயாரித்தால் கணக்குக் கொடுக்கவேண்டும். அந்தப் படிவத்தைப் பல ஆண்டுகள் நான்தான் நிரப்பினேன். எவ்வளவு தயாரித்தோம் என்ற கேள்வி அதில் இருந்தது, எதற்கு என்ற கேள்வி இருந்தது. எங்கள் பழைய கிடங்கில் கிடந்த பேரல்களைப் பற்றிக் கேட்க அங்கே கட்டம் இல்லை. அது அந்தப் படிவத்தின் வேலையும் அன்று.

புளூ கிராஸிலும் புவெப்லோவிலும் கடைசிக் குண்டு போன மறுநாளே வேறொரு வேலை தொடங்கியது. ஆயுதத்தை அழித்த ஆலையும் நச்சுப் பட்ட பொருள்தான். குழாய்களைக் கழுவி, இயந்திரங்களைக் கழற்றி, சுவரையும் தளத்தையும் துடைத்து, துடைத்தும் போகாத இடத்தில் கான்கிரீட்டின் மேற்புறத்தைச் சுரண்டி எடுத்து, அந்த அறைக் காற்றை அடைத்துவைத்துச் சோதித்து, தேறிய பிறகே இடிக்கமுடியும். கழுவிய தண்ணீருக்கும் சுரண்டிய தூளுக்கும் மறுபடியும் ஒரு போக்கிடம் வேண்டும். எங்கள் கிடங்கின் தளத்தையும் ஏழாவது வாரத்தில் ஓர் அங்குலம் கொத்தி எடுத்தோம். அந்தத் தூள் ஆறு பேரல் வந்தது. கை வெந்த அதே தொழிலாளிதான், கட்டுப்போட்ட கையோடு, என்ன, எந்தத் தேதி, எங்கிருந்து என்று ஒவ்வொரு மூடியின் மேலும் பெயிண்டால் எழுதினார். ‘கெட்டி’ என்ற சொல்லை அவரே சேர்த்துக்கொண்டார்.